கைவிடப்படும் கூறுகள்: போர்ட்ரான் நியமங்களை முன்னிறுத்திய ஒரு விமரிசன நோக்கு

1

நிரல்மொழிகள் பற்றித் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் பயிற்சி நூல்களாகவே அமைகின்றன. ஒரு மொழியை எவ்வாறு கையாள்வது என்பதை அவை கற்பிக்கின்றன. அம்மொழியை விதிக்கும் ஆவணத்தையே ஒரு பிரதியாகக் கொண்டு, அது எத்தேவை பற்றி எழுந்தது, யாருக்கு எதை விதிக்கின்றது, எதைச் சொல்லாது விடுகின்றது என்னும் வினாக்களை அவை எழுப்புவதில்லை. ஆயின், நியமம் என வழங்கும் இவ்வாவணங்கள் நமது காலத்தின் முக்கியமான எழுத்துக்களுள் அடங்குவன. வங்கிக் கணக்கும் வானிலை அறிக்கையும் பாலத்தின் பளு பற்றிய கணிப்பும் அவற்றின் வாசகங்களுக்குக் கட்டுப்பட்டே நிகழ்கின்றன. எனவே அவை விமரிசன நோக்குக்கு அப்பாற்பட்டனவாக இருத்தல் பொருந்தாது.

இக்கட்டுரையில் நாம் ஒரு சிறு பகுதியையே எடுத்துக்கொள்கின்றோம். ஒருகாலத்தில் மொழியில் ஏற்கப்பட்டு, பலராலும் கையாளப்பட்டு, பின்னர் விரும்பத்தகாதது எனக் கருதப்படும் ஒரு கூற்றினை நியமம் எவ்வாறு நடத்துகின்றது என்பதே எமது வினா. போர்ட்ரான் மொழியின் நியமங்களை முதன்மைச் சான்றாகவும், சீ, ஜாவா, பைதன் ஆகியவற்றை ஒப்புநோக்குக்காகவும் கொள்வோம்.

2

முதலிற் கலைச்சொல் பற்றிச் சில கூறுதல் வேண்டும். இத்தகைய கூறுகளைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொல் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது; ஒரு தீங்கு வாராதிருக்குமாறு வேண்டி விலக்குதல் என்பது அதன் மூலப்பொருள். தமிழில் இதனை 'வழக்கொழிந்தது' எனப் பெயர்ப்போர் உளர். அப்பெயர்ப்பு உண்மை நிலையைத் தலைகீழாக்கி விடுகின்றது. வழக்கொழிந்த சொல் என்பது மக்கள் தாமாகவே கைவிட்ட சொல். இங்கு பேசப்படும் கூறோ மக்கள் கைவிடாதது. விதிப்போர் கைவிடப்பட வேண்டும் என விரும்புவது.

நமது இலக்கண மரபில் நன்னூலார் இம்மாற்றத்தைக் காலத்தின் இயல்பாகக் கண்டு, அது குற்றமன்று எனக் கொண்டார். அங்கு வழக்கு முன்னே செல்கின்றது; இலக்கணம் பின்னே சென்று அதனைப் பதிவு செய்கின்றது. நிரல்மொழியில் விதி முன்னே செல்ல முற்படுகின்றது. வழக்கு பின்னே இழுக்கப்படுகின்றது, அல்லது வர மறுக்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இழுபறியே நமது ஆய்வுப் பொருள். ஆதலின் இக்கட்டுரையில் 'விலக்கற்குரிய கூறு' என்ற தொடரைப் பொதுப்பெயராகக் கொள்கின்றோம். போர்ட்ரான் நியமம் தனக்கெனக் கொண்டுள்ள இரு படிகளையும் முறையே 'அருகிவரும் கூறு', 'நீக்கப்பட்ட கூறு' எனக் குறிப்போம்.

3

போர்ட்ரான் 1957 இல் ஐ.பி.எம். 704 என்னும் பொறிக்கென, ஜோன் பாக்கஸ் தலைமையிலான குழுவினரால் வெளியிடப்பட்டது. அதன் தொடக்ககாலக் கூறுகள் பல அப்பொறியினதும் அக்காலக் கணினிக் கூடத்தினதும் தழும்புகளைத் தாங்கியிருந்தன. ஒரு கோவையின் பெறுமானம் எதிரா, பூச்சியமா, நேரா என நோக்கி மூன்று வரியெண்களுள் ஒன்றுக்குத் தாவும் எண்கணித 'இஃப்' கூற்று அவற்றுள் ஒன்று. நிரலை இடைநிறுத்தி, பொறியருகே நிற்கும் இயக்குநரின் செயலுக்காகக் காத்திருக்கும் 'போஸ்' கூற்று மற்றொன்று. அச்சிடவேண்டிய சொற்றொடரின் எழுத்துக்களை நிரலாளரே கையால் எண்ணி, அவ்வெண்ணை முன்னே எழுதவேண்டிய 'எச்' வடிவக்குறி இன்னொன்று. இவற்றைத் தனிமனிதரின் அறியாமையின் விளைவாகக் கொள்வது வரலாற்றுணர்வற்ற பார்வையாகும். அன்றைய பொறியும் அன்றைய உழைப்புப் பிரிவினையும் அவற்றைத் தோற்றுவித்தன. பொறியருகே இயக்குநர் ஒருவர் நின்ற காலத்தில் 'போஸ்' அறிவுடைமையே. இயக்குநர் மறைந்தபின் அது பொருளிழந்தது.

1966 இல் அமெரிக்க நியமமாகவும், 1978 இல் ஏற்கப்பட்டு 'போர்ட்ரான் 77' என வழங்கும் இரண்டாவது நியமமாகவும் இம்மொழி வரையறுக்கப்பட்டது. அடுத்த திருத்தத்தின்போதே முரண்பாடு கூர்மையடைந்தது. 1987 இல் பொதுக் கருத்துக்கு விடப்பட்ட வரைவு, அருகிவரும் கூறுகளுக்கு அப்பால், எதிர்காலத்தில் விலக்கற்குரியவை என ஒரு பட்டியலையும் கொண்டிருந்தது. வெவ்வேறு துணைநிரல்கள் ஒரே நினைவகப் பகுதியைப் பகிர்ந்துகொள்ள உதவும் 'கொமன்', ஒரே இடத்துக்கு இரு பெயர் வழங்கும் 'ஈக்குவலன்ஸ்' ஆகியன அதில் இடம்பெற்றன. அக்காலத்தில் இயங்கிய பெரும் அறிவியல் நிரல்கள் பலவற்றின் முதுகெலும்பே இவ்விரண்டும் எனலாம். வரைவு கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. பயன்படுத்துவோர் தமது நிரல்களின் எதிர்காலம் பற்றி அஞ்சினர். பெரும் கணினி உற்பத்தி நிறுவனங்கள் சிலவும் வரைவை எதிர்த்தன. முடிவில் அப்பட்டியல் கைவிடப்பட்டது. 1991 இல் அனைத்துலக நியமமாக வெளிவந்த போர்ட்ரான் 90, நீக்கப்பட்ட கூறு எதுவுமில்லை என அறிவித்து, ஒன்பது கூறுகளை மாத்திரம் அருகிவருவனவாகக் குறித்தது.

1997 இல் வெளிவந்த போர்ட்ரான் 95 அவ்வொன்பதில் ஆறினை நீக்கியது. எஞ்சிய மூன்றுள் எண்கணித 'இஃப்' 2018 ஆம் ஆண்டு நியமத்திலேயே நீக்கப்பட்டது. அறிவிப்புக்கும் நீக்கத்துக்கும் இடையே 27 ஆண்டுகள் கழிந்தன. ஒரே முடிவு வரியைப் பல சுழல்கள் பகிரும் முறையும் அதனுடன் சென்றது. துணைநிரலிலிருந்து வேறு வேறு வரிகளுக்கு மீளும் மாற்று மீள்கை 2023 ஆம் ஆண்டு நியமத்திலும் அருகிவருவதாகவே உள்ளது. 1987 இல் கைவைக்க அஞ்சிய 'கொமன்', 'ஈக்குவலன்ஸ்' இரண்டும் 2018 இலேயே அருகிவரும் கூறுகள் எனப் பெயர் பெற்றன.

4

இந்த நிதானத்தைப் பாராட்டுவதா, கண்டிப்பதா? முதலில் அதன் சிறப்புக்களை ஒப்புக்கொள்வோம். போர்ட்ரான் நியமம் எதையும் முன்னறிவிப்பின்றி நீக்குவதில்லை எனும் ஒழுங்கினை 1991 முதல் பெரிதும் பேணிவந்துள்ளது. கூறு ஒவ்வொன்றுக்கும் உரிய மாற்றினையும் அது பின்னிணைப்பிற் சுட்டுகின்றது. அன்றியும், நியமத்துக்கு இயைந்த தொகுப்பி எதுவும் அருகிவரும் கூறு நிரலில் உள்ளதைக் கண்டறிந்து தெரிவிக்கும் ஆற்றல் உடையதாயிருத்தல் வேண்டும் என அது விதிக்கின்றது. விதியைக் காகிதத்தில் விட்டுவிடாது கருவியிலும் ஏற்றிய இச்செயல் மெச்சத்தக்கது.

ஆனால் அளவுகோல் பற்றிய குறை பாரதூரமானது. ஒரு கூறு மிகையானது, அதற்குச் சிறந்த மாற்று உண்டு என்பது அருகிவருதலுக்கான அடிப்படை. அதன் பயன்பாடு அற்பமாகிவிட்டது என்பது நீக்கத்துக்கான அடிப்படை. இவ்வளவுகோலிற் பயன் மிகை என்பதும் ஆபத்து என்பதும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. 'போஸ்' மிகையானது, அதனால் எவருடைய கணிப்பும் பிழைக்காது. மெய்யெண்ணைச் சுழல்மாறியாகக் கொள்ளும் முறை அத்தகையதன்று. 0 இலிருந்து 1 வரை 0.1 ஆகக் கூட்டிச் செல்லும் சுழலொன்று 11 முறை நிகழும் என நிரலாளர் கருதுவார். இரும எண்முறையில் 0.1 ஐத் துல்லியமாக எழுத முடியாது. ஆகவே சுற்றுக்களின் எண்ணிக்கையைக் கணிக்கும் வகுத்தலில் விடை 11 இற்குச் சற்றுக் குறைந்தால், பின்னப்பகுதி வெட்டப்பட்டு 10 சுற்றுக்களே நிகழும். பொறிக்குப் பொறி விடை மாறக்கூடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. இவ்விரு கூறுகளும் ஒரே பட்டியலில், ஒரே பெயருடன், ஒரே ஆண்டில் அறிவிக்கப்பட்டு ஒரே ஆண்டில் நீக்கப்பட்டன. பட்டியலைப் படிக்கும் ஒருவர் தம்மிடமுள்ள பழைய நிரலில் எதனை இன்றே திருத்த வேண்டும், எதனை ஆறுதலாகத் திருத்தலாம் என அறியுமாறில்லை.

சீ மொழியின் வரலாறு இக்குறையின் விலையைக் காட்டுகின்றது. உள்ளீட்டு வரியொன்றை வாசிக்கும் 'கெட்ஸ்' என்னும் சார்பு, தனக்கு அளிக்கப்பட்ட இடத்தின் அளவை அறியாது. வரி நீண்டால் அடுத்துள்ள நினைவகத்தில் எழுதிச் செல்லும். 1988 நவம்பர் 2 ஆம் திகதி இணையத்திற் பரவிய மொரிஸ் புழு புகுந்த வழிகளுள் ஒன்று இச்சார்பைக் கையாண்ட நிரலொன்றாகும். மறு ஆண்டே வெளிவந்த முதலாவது சீ நியமம் இதனை எவ்வித எச்சரிக்கைப் பெயருமின்றி ஏற்றுக்கொண்டது. அதே நியமம், சார்புகளை வரையறுக்கும் பழைய எழுத்து முறையை அருகிவருவது எனக் குறித்தது. 'கெட்ஸ்' விலக்கற்குரியது என 2007 இல் வெளிவந்த திருத்தமே கூறிற்று. 2011 ஆம் ஆண்டு நியமம் அதனை அகற்றியது. ஒப்பளவிற் குறைந்த தீங்குடைய எழுத்து முறைக்கு 1989 இலேயே எச்சரிக்கை. உலகறியத் தீங்கு விளைத்த சார்புக்கு மேலும் 18 ஆண்டு மௌனம். நியமத்தை எழுதுவோர் மொழியின் அழகை அதன் பாதுகாப்பினும் எளிதில் ஒருமுகமாகக் காண்கின்றனர் என்றே இதிலிருந்து நாம் முடிவு செய்ய வேண்டியுள்ளது.

5

எச்சரிக்கை யாரைச் சென்றடைகின்றது என்பது அடுத்த வினா. ஜாவா மொழியில், ஓர் இழையை வெளியிலிருந்து நிறுத்தும் முறை 1998 இல் விலக்கற்குரியது என அறிவிக்கப்பட்டது. இயங்கும் இழையை இடையில் அறுத்தால் அது பூட்டிவைத்திருந்த தரவுகள் அரைகுறை நிலையில் ஏனையோருக்குத் திறந்துவிடப்படும் என்பது காரணம். காரணம் வலுவானதே. ஆயினும் அம்முறை 2023 வரை இயங்கியே வந்தது. கால் நூற்றாண்டாக ஒலிக்கும் எச்சரிக்கை எச்சரிக்கையாக இருப்பதில்லை. அது சுவர்க்கடிகாரத்தின் ஓசைபோற் பழகிவிடுகின்றது. இக்குழப்பத்தை உணர்ந்த ஜாவாவினர் 2017 இல், எப்பதிப்பு முதல் விலக்கற்குரியது என்பதையும், உண்மையில் நீக்கப்பட உள்ளதா என்பதையும் தனித்தனியே குறிக்க வழி செய்தனர். விதிப்போர் தமது சொல்லின் தெளிவின்மையைத் தாமே ஒப்புக்கொண்ட நேர்மையான நிகழ்வாக இதனைக் கொள்ளலாம்.

பைதன் மொழியில் நிலைமை வேறு. அங்கு 2010 இல் வெளிவந்த 2.7 பதிப்பு இவ்வகை எச்சரிக்கைகளை இயல்புநிலையில் மறைத்தது. நிரலை எழுதாது பயன்படுத்த மட்டும் செய்பவருக்கு அவ்வெச்சரிக்கை பயனற்ற தொல்லை என்பது வாதம். வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அதன் விளைவாகத் திருத்தவேண்டியவரும் எச்சரிக்கையைக் காணாது போயினர். 2018 இல் வெளிவந்த 3.7 பதிப்பு, நேரடியாக இயக்கப்படும் நிரலிலாவது அதனை மீளத் தோன்றச் செய்தது.

2008 டிசம்பரில் வெளிவந்த பைதன் 3 பழைய கூறுகள் பலவற்றை ஒரேயடியாக வெட்டியது. 2015 உடன் முடிவதாக இருந்த பழைய பதிப்பின் பராமரிப்பு 2020 வரை நீட்டிக்கப்பட்டமை, அவ்வெட்டின் வேகத்துக்கு வழக்கு இணங்கவில்லை என்பதற்குச் சான்று. அம்மாற்றங்களுள் அச்சிடும் கூற்று மாறியமை அதிகம் பேசப்பட்டது. அதுவே ஆபத்து மிகக் குறைந்தது. பழைய வடிவம் உடனே பிழைச்செய்தி தரும், திருத்திவிடலாம். முழுவெண் வகுத்தல் மாறியமையே கவனத்துக்குரியது. 3 ஐ 2 ஆல் வகுத்தால் முன்னர் 1 எனவும் பின்னர் 1.5 எனவும் விடை வரும். அதே வரி, அதே எழுத்து, வேறு பொருள். நீக்கம் நிரலாளரோடு வெளிப்படையாக மோதுகின்றது. பொருள் மாற்றம் அவர் அறியாமல் அவருடைய கணிப்பை மாற்றுகின்றது. இரண்டையும் 'ஒவ்வாமை' என்ற ஒரே தலைப்பின் கீழ் அடக்குவது, ஆபத்தையும் மிகையையும் ஒன்றாக்கிய அதே தவறாகும்.

6

இனி, இம்மாற்றங்களின் சுமையை யார் ஏற்கின்றனர் என்பதை நோக்குவோம். நமது பல்கலைக்கழகங்களிற் பைதன் பயிலும் மாணவர், நேர்கோட்டுச் சமன்பாட்டுத் தொகுதியொன்றைத் தீர்க்க ஒரு வரி எழுதுகின்றார். அவ்வரியின் அடியில் இயங்குவது 1992 இல் முதன்முதல் வெளியிடப்பட்டு, போர்ட்ரான் 77 இல் எழுதப்பட்ட 'லாபக்' தொகுதியின் வழிவந்த நிரல். புதுமை எனத் தோன்றும் கட்டடம் பழைய உழைப்பின் மீதே நிற்கின்றது. அவ்வுழைப்பு எண்சார் பகுப்பாய்வாளரும் பௌதிகவியலாளரும் பல்லாண்டுகளாகச் சோதித்துத் திருத்திய உழைப்பு. அத்தகைய நிரலொன்றைப் புதிய வடிவுக்கு மாற்றுவோர் வரிகளை மாற்றுவதோடு அமையாது, விடைகள் மாறவில்லை என்பதையும் நிறுவ வேண்டும். அப்பணி புதிய கண்டுபிடிப்பாக மதிக்கப்படுவதுமில்லை. அதனாற் பதவி உயர்வு கிடைப்பதும் அரிது. சிறந்த முறையைக் கையாள்க, பழையதை மாற்றுக என நியமம் அறிவுரை கூறும்போது, அவ்வாக்கியத்தில் எழுவாய் தெளிவற்றிருப்பது தற்செயலன்று. மாற்ற வேண்டியவர் அவ்வாவணத்தை எழுதிய குழுவில் பெரும்பாலும் இல்லாதவர்.

இதனால் விளைந்த நடைமுறைத் தீர்வு யாவரும் அறிந்ததே. நியமம் நீக்குகின்றது, தொகுப்பிகள் ஏற்கின்றன. கட்டற்ற தொகுப்பியான ஜீஃபோர்ட்ரான் எண்கணித 'இஃப்' கூற்றைக் கண்டால், இது 2018 நியமத்தில் நீக்கப்பட்ட கூறு என எச்சரித்துவிட்டு இயக்குகின்றது. நியமம் பயனற்றுப்போயிற்று என இதனைச் சிலர் ஏளனம் செய்வர். நாம் அவ்வாறு கருதவில்லை. புதிதாக எழுதுவோருக்கு விதி தடையாகவும், பழையதை வைத்திருப்போருக்கு வழக்கு பாதுகாப்பாகவும் செயற்படும் ஓர் உடன்பாடு இது. ஆனால் எழுதப்படாத உடன்பாடு வலியோரின் நல்லெண்ணத்திலேயே தங்கியுள்ளது. தொகுப்பியை ஆக்குவோர் நாளை அவ்வாதரவை நிறுத்தின், கேட்பதற்குப் பழைய நிரலின் சொந்தக்காரருக்கு எந்த வாசகமும் இல்லை.

இதனோடு சேர்த்து நோக்கவேண்டியது அறிவின் உடைமை. ஒரு கூறு நீக்கப்பட்டதும் அதன் முழு விளக்கம் புதிய நியமத்திலிருந்து மறைந்துவிடுகின்றது; பழைய நியமத்தைத் தேடிச் செல்ல வேண்டும். அனைத்துலக நியமங்கள் விலைக்கு விற்கப்படும் ஆவணங்கள். இறுதி வரைவுகள் சில இலவசமாகக் கிடைப்பினும், வரைவு சட்டமாகாது. வசதி குறைந்த நாட்டு நூலகமொன்றில் 1970களின் நிரலொன்றைப் புரிந்துகொள்ள முயலும் ஆய்வாளருக்கு, 'நீக்கப்பட்டது' என்பது 'அறிய இயலாதது' என ஆகிவிடக்கூடும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் நியமம் இவ்விடயத்தில் மேம்பட்டது. இலவசமாகக் கிடைக்கும் அவ்வாவணம், வலைத்தளங்களின் வழக்கினால் நீக்க முடியாதுபோன கூறுகளை ஒரு தனிப் பின்னிணைப்பில் முழுமையாக விளக்கி, புதிய நிரல் எழுதுவோர் இவற்றைக் கையாளற்க எனவும் கூறுகின்றது. விரும்பாததையும் விளக்கியே விலக்குதல் அறிவுநேர்மைக்கு உகந்தது.

7

பழையதைக் காப்பதே கடன் என நாம் வாதிப்பதாக வாசகர் கொள்ளலாகாது. 'கெட்ஸ்' போன்றவற்றைக் காலங்கடந்து காத்தமையின் தீங்கை மேலே கண்டோம். புதியதெல்லாம் நிலைக்கும் என்பதும் மயக்கமே. போர்ட்ரான் 95 பெரும் எதிர்பார்ப்புடன் கொணர்ந்த 'போரோல்' கூற்று, வலப்பக்கம் முழுவதையும் கணித்த பின்னரே இடப்பக்கத்துக்கு அளிக்கவேண்டும் எனும் விதியினால் வேகம் குன்றி, 2018 இல் தானும் அருகிவரும் கூறாயிற்று. ஆராயாது சேர்ப்பதும் பிற்காலத்தவர் மீது சுமத்தும் கடனே.

எமது கருத்தில், விலக்கற்குரியதென ஒரு கூற்றினை அறிவிக்கும் நியமம் ஐந்து வினாக்களுக்கு விடை கூறக் கடமைப்பட்டது. விலக்குவதன் காரணம் மிகையா, ஆபத்தா, மொழியின் வளர்ச்சிக்குத் தடையா? ஆபத்தாயின் அதன் அவசரம் எத்தகையது? மாற்று யாது, அம்மாற்று பொறியாற் செய்யத்தக்கதா, அன்றி மனிதர் சிந்தித்தே செய்யவேண்டியதா? 'கெட்ஸ்' இற்கு மாற்றான சார்பு வரியின் இறுதிக் குறியையும் சேர்த்தே தருவது. ஆதலின் பெயரை மாத்திரம் மாற்றுவோர் புதிய பிழையொன்றைப் பெறுவர். நான்காவது, எச்சரிக்கை யாரை நோக்கியது, எக்காலம் வரை? ஐந்தாவது, நீக்கிய பின்னர் அக்கூற்றின் பொருளை எங்கே, எவரும் அறியத்தக்கதாகப் பேணுவது?

இவ்வைந்துக்கும் முழுமையாக விடை கூறும் நியமம் எதனையும் மேலே ஆராய்ந்தவற்றுள் நாம் காணவில்லை. போர்ட்ரான் மாற்றினைக் கூறிற்று, அவசரத்தைக் கூறவில்லை. ஜாவா நீக்கத்தின் உறுதியைக் கூறக் கற்றுக்கொண்டது. கற்றுக்கொள்ள ஏறத்தாழ இருபதாண்டு சென்றது. ஜாவாஸ்கிரிப்ட் பொருளைப் பேணிற்று. அதற்கு அதனைக் கட்டாயப்படுத்தியது வழக்கின் வலிமையே. நியமத்தை எழுதும் குழுக்களிற் பழைய நிரல்களைப் பராமரிப்போரின் குரல் வலுப்பெறும் வரை இக்குறைகள் முற்றாக நீங்குமென எதிர்பார்ப்பதற்கில்லை. மொழியொன்றிலிருந்து ஒரு கூற்றினைக் கழிக்கும் உரிமை அதனை விதிப்போருக்கு உண்டு. ஆனால் அக்கூற்றினை நம்பி எழுதியோர் அன்றைய விதிக்குக் கட்டுப்பட்டே எழுதினர். கழிப்பதன் கூலியில் ஒரு பங்கினை விதித்தோரும் ஏற்பதே நியாயம்.